‘சுப்பீரியர் கோர்ட்’ என்பது எந்த நீதிமன்றம்?

கலிஃபோர்னியாவில் நடக்கும் வழக்குகளைப் பற்றிய தமிழ்ச் செய்திகளில் ‘லாஸ் ஏஞ்சலஸ் உயர் நீதிமன்றம்’ என்ற தொடரை அவ்வப்போது பார்க்க முடிகிறது. ‘சுப்பீரியர் கோர்ட்’ என்ற பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் அப்படித்தான் வரும். ஆனால் அந்தப் பெயரைப் படிக்கும் தமிழ் வாசகரின் மனத்தில் சென்னை உயர் நீதிமன்றம் போன்ற ஒன்று தோன்றிவிடுகிறது. மேல்முறையீடுகளைக் கேட்கும், கீழ் நீதிமன்றங்களைக் கண்காணிக்கும் ஓர் அமைப்பு என்று அவர் எண்ணிக்கொள்கிறார். உண்மை இதற்கு நேர் எதிரானது. கலிஃபோர்னியாவில் சுப்பீரியர் கோர்ட் என்பது வழக்கு முதன்முதலில் தாக்கலாகும் இடம். சாட்சி கூண்டேறுவதும், ஆவணம் குறியிடப்படுவதும், ஜூரி (வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) அமர்வதும் அங்கேதான். மாநில நீதிமன்ற அமைப்பின் முதல் படி அது. அதற்குக் கீழே இன்னொரு நீதிமன்றம் கிடையாது.

பெயரில் மட்டும் ஏன் மேன்மை ஒட்டிக்கொண்டது என்ற கேள்விக்கு வரலாறு பதில் சொல்கிறது. 1879ஆம் ஆண்டு அரசமைப்பு இந்த நீதிமன்றத்தை உருவாக்கியபோது அதற்குக் கீழே சிறு வழக்குகளைக் கவனிக்கும் பல நீதிமன்றங்கள் இருந்தன. அவற்றோடு ஒப்பிட்டால் இது மேலானது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அந்தக் கீழ் அடுக்கு முனிசிபல் கோர்ட், ஜஸ்டிஸ் கோர்ட் என்ற இரண்டு வகைகளாகச் சுருங்கியிருந்தது. ஜஸ்டிஸ் கோர்ட்டுகள் சிலவற்றில் சட்டம் படிக்காதவர்களும் நீதிபதியாக அமர்ந்து, குற்றவியல் வழக்குகளையும் விசாரித்து வந்தார்கள். சிறைக்கு அனுப்பக்கூடிய ஒரு வழக்கைச் சட்டம் கற்காதவர் விசாரிப்பது முறையன்று என்று மாநில உச்ச நீதிமன்றம் 1974இல் தீர்ப்பளித்தது. ஜஸ்டிஸ் கோர்ட்டுகள் 1990களின் நடுவில் முனிசிபல் கோர்ட்டுகளோடு சேர்க்கப்பட்டன. 1998 ஜூனில் வாக்காளர்கள் ஏற்றுக்கொண்ட 220ஆம் முன்மொழிவு, ஒவ்வொரு கவுண்டியும் (நம் மாவட்டம் போன்ற மாநிலப் பிரிவு) தன் முனிசிபல் கோர்ட்டையும் சுப்பீரியர் கோர்ட்டையும் ஒன்றாக இணைத்துக்கொள்ள வழிவிட்டது. கடைசியாக கிங்ஸ் கவுண்டி 2001 பிப்ரவரியில் இணைந்தது. கீழே இருந்தவை எல்லாம் மறைந்துவிட, பெயர் மட்டும் பழையபடி நிலைத்துவிட்டது. (நியூயார்க்கில் இக்குழப்பம் இன்னும் ஒரு படி அதிகம்: அங்கே விசாரணை நீதிமன்றத்துக்குப் பெயரே ‘சுப்ரீம் கோர்ட்’.)

பெயரின் பிற்பாதியிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘சான்டா கிளாரா கவுண்டி சுப்பீரியர் கோர்ட்’ என்றால் அது கவுண்டி நிர்வாகத்தின் ஓர் அங்கம் என்றே தோன்றும். ஆனால் அது மாநிலத்தின் நீதிமன்றம். கவுண்டி என்பது அதன் எல்லையைக் குறிக்கும் சொல். கலிஃபோர்னியாவின் 58 கவுண்டிகளிலும் ஒவ்வொரு சுப்பீரியர் கோர்ட் இருக்க வேண்டும் என்று மாநில அரசமைப்பு சொல்கிறது. முன்பு இவற்றை நடத்தும் செலவில் பெரும் பங்கைக் கவுண்டிகளே ஏற்றன. வசதியுள்ள கவுண்டியில் ஒருவிதமான நீதிமன்றமும் வசதியற்ற கவுண்டியில் வேறுவிதமான நீதிமன்றமும் இருந்தன. 1997இல் நிறைவேறிய சட்டம் அந்தச் செலவை மாநில அரசின் பொறுப்பாக்கியது. 2002இல் வந்த மற்றொரு சட்டம் நீதிமன்றக் கட்டடங்களையும் படிப்படியாக மாநிலத்தின் கைக்கு மாற்றியது. அதே நேரத்தில், அந்த நீதிமன்றத்தில் அரசுத் தரப்பில் வழக்கை நடத்தும் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி கவுண்டி வாக்காளர்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர், கவுண்டியின் காவல் தலைவரான ஷெரீஃபும் அப்படியே. ஏழைகளுக்காக வாதாடும் பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகமும் பெரும்பாலும் கவுண்டியின் அலுவலகம்தான். ஒரே அறையில் நிற்கும் இவர்கள் வெவ்வேறு எசமானர்களுக்குப் பதில் சொல்பவர்கள் என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டால் பல குழப்பங்கள் தீரும்.

அளவிலும் இந்த 58 நீதிமன்றங்கள் ஒன்றுபோல இல்லை. சியரா நெவாடா மலைகளில் சுமார் 1,200 பேர் வாழும் ஆல்பைன் கவுண்டிக்கு மார்க்லிவில் என்ற சிற்றூரில் ஒரே நீதிமன்றக் கட்டடமும் இரண்டு நீதிபதிப் பதவிகளும் உள்ளன. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் வாழும் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியிலோ நீதிபதிகளும், அவர்களுக்குத் துணையாகச் சில வழக்குகளை விசாரிக்கும் கமிஷனர்களுமாக 500க்கும் அதிகமானோர் பணியாற்றுகிறார்கள். நாட்டிலேயே மிகப் பெரிய விசாரணை நீதிமன்றம் அது. இரண்டிலும் சட்டமும் நடைமுறை விதிகளும் ஒன்றே. முதன்மையான படிவங்களையும் மாநிலம் முழுவதற்குமாக, நீதிமன்றங்களுக்குப் பொது விதிகளை வகுக்கும் ஜுடிஷியல் கவுன்சில் வெளியிடுகிறது.

எந்தெந்த வழக்குகள் இங்கே வரும் என்று கேட்டால், ஏறக்குறைய எல்லாம் என்பதே பதில். விவாகரத்து, குழந்தையின் பராமரிப்பு, உயில், வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றம், ஒப்பந்த மீறல், சாலை விபத்து இழப்பீடு, வேகமாக ஓட்டியதற்கான சீட்டு, திருட்டு, கொலை அனைத்தும் இங்கேதான் தொடங்குகின்றன. திவால், காப்புரிமை போன்றவை கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு உரியவை. நாடுகடத்தல் தொடர்பான விசாரணைகள் கூட்டாட்சி அரசின் நீதி அமைச்சகத்துக்குள் இயங்கும் குடியேற்ற நீதிமன்றங்களில் நடக்கும். அவற்றுக்கும் சுப்பீரியர் கோர்ட்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

இத்தனை வழக்குகளுக்கும் பொதுவான ஒன்றைத்தான் இக்கட்டுரையில் முதன்மையாகச் சொல்ல விரும்புகிறேன். நடந்தது என்ன என்பதை முடிவு செய்வது இந்த நீதிமன்றம் மட்டுமே. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் சாட்சிகள் மீண்டும் அழைக்கப்படுவதில்லை. புதிய ஆவணம் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. கீழே சட்டம் சரியாகப் பின்பற்றப்பட்டதா என்பதைப் பதிவேட்டை வைத்து அவர்கள் பார்ப்பார்கள், அவ்வளவே. ‘இங்கே தோற்றால் மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற எண்ணம் நம்மில் பலருக்கு ஊறிப்போனது. இந்த அமைப்பில் அது பெரும்பாலும் ஏமாற்றத்தில் முடியும். ஆகவே முதல் படியில் நடப்பவற்றைக் கவனமாகப் புரிந்துகொள்வது அவசியம்.

உரிமையியல் வழக்கிலிருந்து தொடங்குவோம். வாதி புகார் மனுவைத் தாக்கல் செய்கிறார். நீதிமன்ற எழுத்தர் சம்மன் வழங்குகிறார். வழக்கில் சம்பந்தப்படாத, 18 வயது நிறைந்த ஒருவர் அதைப் பிரதிவாதியின் கையில் சேர்ப்பிக்கிறார். நேரில் சேர்ப்பித்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தாக்கல் செய்ய வேண்டும். இந்த 30 நாட்களைத் தவறவிடுவதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு என்பது என் கருத்து. விசாரணைத் தேதியன்று போய் நின்று விளக்கிச் சொல்லலாம் என்று காத்திருப்பவருக்கு அப்படி ஒரு தேதியே வராமல் போகலாம். பதில் இல்லாத நிலையில் வாதி ஒருதலைப்பட்சத் தீர்ப்பைக் கேட்டுப் பெற்றுவிட முடியும். தவறுதலாலோ எதிர்பாராத சூழ்நிலையாலோ பதில் தர இயலாமல் போனது என்று காட்டி அதை நீக்கக் கோரலாம். அதற்கும் ஆறு மாத வரம்பு உண்டு. வீட்டிலிருந்து வெளியேற்றக் கோரும் வழக்கில் அவகாசம் மிகவும் குறைவு. முன்பு 5 நீதிமன்ற வேலைநாட்கள் மட்டுமே இருந்தன. 2025 ஜனவரி முதல் அது 10 ஆகியிருக்கிறது.

கேட்கும் தொகை 35,000 டாலருக்கு மேற்படாத வழக்கு ‘லிமிடெட் சிவில்’. அதற்கு மேற்பட்டது ‘அன்லிமிடெட் சிவில்’. பின்னதற்குத் தாக்கல் கட்டணம் பெரும்பாலான கவுண்டிகளில் 435 டாலர். வருமானம் குறைந்தவர்கள் ஒரு படிவத்தை நிரப்பிக் கட்டண விலக்குக் கோரலாம். அதைத் தாக்கல் செய்வதற்கே கட்டணம் கிடையாது. வழக்கு உங்கள் கைக்கு வந்த தொடக்கத்திலேயே ஒரு விசித்திரமான உரிமையும் உங்களுக்கு இருக்கிறது: ஒதுக்கப்பட்ட நீதிபதி உங்களிடம் பாரபட்சமின்றி நடந்துகொள்ள மாட்டார் என்று நீங்கள் கருதுவதாக உறுதிமொழி கொடுத்தால், காரணத்தை விளக்காமலேயே ஒரு முறை அவரை மாற்றச் செய்யலாம். அதற்குரிய காலவரம்பு மிகக் கண்டிப்பானது என்பதால் பலர் அறியாமலேயே இவ்வுரிமையை இழந்துவிடுகிறார்கள்.

சாதாரண மனிதருக்கு மிகவும் பயன்படும் பகுதி ‘ஸ்மால் கிளெய்ம்ஸ்’ என்ற சிறுதொகைப் பிரிவு. சன்னிவேல் நகரில் வாடகைக்கு இருந்த ஒருவர் வீட்டைக் காலி செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்பணத்தைத் திருப்பித் தரவோ, எதற்காகக் கழித்தோம் என்று கணக்குக் காட்டவோ வீட்டுக்காரருக்குச் சட்டம் 21 நாட்கள் தருகிறது. பணமும் வரவில்லை, கணக்கும் வரவில்லை என்றால், தனிநபர் 12,500 டாலர் வரை இங்கே கோரலாம். கட்டணம் பெரும்பாலும் 30 முதல் 75 டாலருக்குள் முடிந்துவிடும். விசாரணையில் எந்தத் தரப்புக்காகவும் வழக்கறிஞர் வாதாட முடியாது. வீட்டுக்காரர் ஒரு பெரிய நிறுவனமாக இருந்தாலும் அதன் ஊழியர் ஒருவரே வந்து பேச வேண்டும். விசாரணை பல சமயம் சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்பதால், குடிவந்த நாளிலும் காலி செய்த நாளிலும் எடுத்த படங்கள், மின்னஞ்சல்கள், ரசீதுகள் ஆகியவற்றைத் தேதிவாரியாக அடுக்கி, எதிர்தரப்புக்கும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு செல்வது நல்லது. வீட்டுக்காரர் தீய நோக்கத்தோடு பணத்தை நிறுத்திவைத்தார் என்று தெரிந்தால், அந்த முன்பணத்தின் இரு மடங்கு வரை கூடுதலாகக் கொடுக்கச் சொல்லும் அதிகாரம் நீதிபதிக்கு உண்டு. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: இங்கே வழக்குத் தொடுத்தவர், தான் தொடுத்த கோரிக்கையில் தோற்றால் மேல்முறையீடு செய்ய முடியாது. தோற்ற பிரதிவாதிக்கு மட்டுமே 30 நாட்களுக்குள் அந்த வாய்ப்பு உண்டு.

குற்றவியல் பக்கத்தில் மூன்று தட்டுகள் இருக்கின்றன. இன்ஃப்ராக்ஷன் என்பது அபராதத்தோடு முடிவது. சிறையும் இல்லை, ஜூரியும் இல்லை. பெரும்பாலான போக்குவரத்துச் சீட்டுகள் இந்த வகை. மிஸ்டிமீனர் என்பது கவுண்டி சிறையில் அடைக்கப்படக்கூடிய சிறு குற்றம். ஃபெலனி என்பது கடுங்குற்றம். மிஸ்டிமீனருக்கான உச்சத் தண்டனை ஓர் ஆண்டு என்று இருந்ததை 2015 முதல் 364 நாட்கள் என்று மாநிலச் சட்டமன்றம் மாற்றியது. கூட்டாட்சிக் குடியேற்றச் சட்டத்தின் சில பிரிவுகள் ‘ஓர் ஆண்டு’ என்ற அளவைப் பிடித்துக்கொண்டு நாடுகடத்த வழிசெய்வதால், அந்த ஒரு நாளைக் குறைத்தார்கள். ஒரு நாள் குறைந்ததால் குடும்பங்கள் பிரியாமல் தப்புகின்றன என்று எண்ணும்போது, சட்டத்தின் ஒரு சொல் எவ்வளவு கனமானது என்பது புரிகிறது.

கைதாகிக் காவலில் இருப்பவரை ஞாயிறும் விடுமுறையும் நீங்கலாக 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். அங்கே குற்றச்சாட்டு வாசிக்கப்படும், வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியில்லாதவருக்கு ஒருவர் நியமிக்கப்படுவார், ஜாமீன் பேசப்படும். ஃபெலனி வழக்கில் அதன்பின் 10 நீதிமன்ற வேலைநாட்களுக்குள், வழக்கை விசாரணைக்கு அனுப்பப் போதிய முகாந்திரம் உண்டா என்று ஒரு நீதிபதி பார்க்க வேண்டும். முகாந்திரம் உண்டு என்றால் குற்றப்பத்திரிகை தாக்கலாகி, 60 நாட்களுக்குள் முழு விசாரணை தொடங்க வேண்டும். தயாராக நேரம் வேண்டும் என்பதால் குற்றம் சாட்டப்பட்டவர்களே பெரும்பாலும் இந்தக் காலவரம்புகளை விட்டுக்கொடுக்கிறார்கள். வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை ஜூரி வரை செல்லாமல், இரு தரப்பும் பேசி முடிவுக்கு வந்து, குற்றத்தை ஒப்புக்கொள்வதில் முடிகின்றன. குடியுரிமை இல்லாதவர்கள் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய கட்டம் இதுதான். இன்ஃப்ராக்ஷன் தவிர்த்த குற்றங்களில், ஒப்புதலை ஏற்கும் முன் அது நாடுகடத்தலுக்கும் மறுநுழைவு மறுப்புக்கும் வழிவகுக்கலாம் என்று நீதிமன்றம் எச்சரிக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். அதன் விளைவைக் கட்சிக்காரருக்கு எடுத்துச் சொல்வது வழக்கறிஞரின் கடமை என்று நாட்டின் உச்ச நீதிமன்றமும் 2010இல் கூறியிருக்கிறது. ‘அபராதம் கட்டிவிட்டு வந்துவிடலாம்’ என்ற அவசரத்தில் தலையாட்டிவிடக் கூடாது.

ஜூரிக்கு வருவோம். அந்தக் கவுண்டியில் வாழும், 18 வயது நிறைந்த, போதிய ஆங்கிலம் அறிந்த குடிமக்கள் இதற்கு அழைக்கப்படுகிறார்கள். வாக்காளர் பட்டியலோடு ஓட்டுநர் உரிமம் வைத்திருப்போர் பட்டியலும் பயன்படுத்தப்படுவதால், கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் விசாவில் இருப்பவருக்கும் கூட அழைப்புக் கடிதம் வரக்கூடும். அவர்கள் ஜூரியாக அமர முடியாது. ஆனால் கடிதத்தைக் குப்பையில் போடாமல், குடிமகன் அல்ல என்று குறித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். குற்றவியல் வழக்கில் 12 பேரும் ஒருமனதாக முடிவு செய்ய வேண்டும். உரிமையியல் வழக்கில் 12 பேரில் 9 பேர் உடன்பட்டால் போதும்.

அதைவிட முக்கியமான வேறுபாடு மெய்ப்பிக்கும் அளவில் இருக்கிறது. குற்றவியலில் நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும்; உரிமையியலில் பொதுவாக, நடந்திருக்கும் வாய்ப்பு நடக்காமலிருக்கும் வாய்ப்பைவிட அதிகம் என்று காட்டினால் போதும். அமெரிக்கக் கால்பந்து (அமெரிக்கன் ஃபுட்பால்) வீரர் ஓ. ஜே. சிம்சன் வழக்கு இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. இரட்டைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து அவரை 1995 அக்டோபரில் ஒரு ஜூரி விடுவித்தது. இறந்தவர்களின் குடும்பத்தினர் தொடுத்த உரிமையியல் வழக்கில் 1997 பிப்ரவரியில் இன்னொரு ஜூரி அந்த மரணங்களுக்கு அவரைப் பொறுப்பாக்கி, மொத்தம் 3.35 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. இரண்டும் நடந்தது ஒரே நீதிமன்றத்தில்: லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி சுப்பீரியர் கோர்ட்டின் இரண்டு கட்டடங்களில். முரண்பாடாகத் தோன்றும் இரு தீர்ப்புகளும் சட்டத்தின் பார்வையில் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல; கேட்கப்பட்ட கேள்விகளே வேறு.

நீதிபதியாவதற்கு, மாநிலத்தில் வழக்கறிஞராகப் பத்து ஆண்டு பதிவு பெற்றிருக்க வேண்டும். பதவிக்காலம் ஆறு ஆண்டு. அரசமைப்பின்படி இது கட்சி சாராத தேர்தலில் கவுண்டி வாக்காளர்கள் நிரப்பும் பதவி. நடைமுறையில் இடையில் காலியாகும் இடங்களுக்கு ஆளுநர் நியமிப்பவர்களே அதிகம். பதவியில் இருப்பவரை எதிர்த்து எவரும் நிற்கவில்லை என்றால் அவர் பெயர் பொதுவாக வாக்குச்சீட்டிலேயே வராது. ஆனாலும் வாக்காளர்களின் பிடி முற்றிலும் தளர்ந்துவிடவில்லை. பாலியல் வன்தாக்குதல் வழக்கு ஒன்றில் மிகக் குறைந்த தண்டனை வழங்கியதாகக் கடும் எதிர்ப்புக்கு உள்ளான ஒரு நீதிபதியைச் சான்டா கிளாரா கவுண்டி மக்கள் 2018 ஜூனில் வாக்களித்துத் திரும்ப அழைத்தார்கள். ஒரு தீர்ப்புக்காக நீதிபதியைப் பதவியிறக்குவது பிற நீதிபதிகளை அஞ்சவைக்காதா என்ற கேள்வி அப்போது எழுந்தது. அது அலட்சியப்படுத்தத் தக்க கேள்வி அன்று.

முதன்முறை நீதிமன்றத்துக்குச் செல்பவருக்குச் சில நடைமுறைச் செய்திகள். அறிவிப்பில் ‘டிபார்ட்மென்ட் 12’ என்று இருந்தால் அது ஓர் அலுவலகப் பிரிவு அன்று. ஒரு நீதிபதியின் நீதிமன்ற அறையையே அப்படி அழைக்கிறார்கள். எழுத்தர் படிவத்தைத் தருவார், நடைமுறையைச் சொல்வார்; எதை எழுதினால் வெல்லலாம் என்று சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் வருபவர்களுக்காக ‘செல்ஃப் ஹெல்ப் சென்டர்’ என்ற உதவி மையம் உண்டு. கட்டணமில்லாத அந்த உதவியைத் தயங்காமல் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலம் புரியாத குற்றம் சாட்டப்பட்டவருக்கு விசாரணை முழுவதும் மொழிபெயர்ப்பாளர் பெறும் உரிமையை மாநில அரசமைப்பு 1974 முதல் தருகிறது. உரிமையியல், குடும்ப வழக்குகளுக்கும் 2015 முதல் இந்த ஏற்பாடு, நிதிக்கு ஏற்ப முன்னுரிமை வரிசையில், விரிவாக்கப்பட்டது. பஞ்சாபிக்குக் கலிஃபோர்னியாவில் தனிச் சான்றளிப்புத் தேர்வு இருக்கிறது. தமிழுக்கு இல்லை என்பதால் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் ‘பதிவுபெற்றவர்’ என்ற வகையில் வருகிறார்கள். எண்ணிக்கையில் அவர்கள் மிகக் குறைவு. வருகை தந்திருக்கும் பெற்றோர் சாட்சி சொல்ல வேண்டியிருந்தால், விசாரணை நாளன்று கேட்காமல் முன்கூட்டியே எழுத்துமூலம் கேட்பது அவசியம். ஆங்கிலம் ஓரளவு தெரியும் என்பதற்காக மொழிபெயர்ப்பாளரை மறுத்துவிட வேண்டாம். குறுக்கு விசாரணையின் கேள்வி அலுவலக ஆங்கிலம் போல நேராக இருக்காது.

தீர்ப்புக்குப் பின் மேல்முறையீடு உண்டு. மிஸ்டிமீனர், லிமிடெட் சிவில் வழக்குகளின் மேல்முறையீட்டை அதே சுப்பீரியர் கோர்ட்டின் மேல்முறையீட்டுப் பிரிவு கேட்கும். ஃபெலனியும் அன்லிமிடெட் சிவில் வழக்குகளும் மாநிலத்தின் ஆறு மேல்முறையீட்டு நீதிமன்ற வட்டங்களுள் ஒன்றுக்குச் செல்லும். சான்டா கிளாரா கவுண்டிக்கு உரிய ஆறாம் வட்டம் சான் ஹோசேயில் இருக்கிறது. மரண தண்டனை வழக்கில் நேரடி மேல்முறையீடு மாநில உச்ச நீதிமன்றத்துக்கே போகும். எங்கே போனாலும் அந்த நீதிபதிகள் பார்ப்பது கீழிருந்து வரும் பதிவேட்டை. பல கவுண்டிகளில் உரிமையியல் விசாரணைக்கு நீதிமன்றமே சுருக்கெழுத்தாளரைத் தருவதில்லை. தரப்பினர் தம் செலவில் அமர்த்த வேண்டும். அப்படி அமர்த்தாமல் விட்டால், அறைக்குள் பேசப்பட்ட சொற்களுக்கு எழுத்துவடிவமே இல்லாமல் போய், மேல்முறையீடு பெரும்பாலும் வெறும் கையோடு நிற்கும். கட்டண விலக்குப் பெற்ற ஏழை வழக்காடிகளுக்கு இந்த நிலை வரக் கூடாது, அவர்கள் கேட்டால் சுருக்கெழுத்தாளரை நீதிமன்றமே தர வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. கேட்டால் என்பது அங்கே முக்கியமான சொல். விசாரணை தொடங்கும் முன்பே கேட்க வேண்டும்.